ஸ்டீல்ஹெட் பிடிக்க ஒரு குளிர்கால வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒலிம்பிக் தீபகற்பத்து ஆறுகளுக்குப் பதினோரு குளிர்காலமாக ஸ்டீல்ஹெட் தேடிப் போய்வருகிறேன். சியாட்டில் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பொங்கல் விருந்திலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் ஆபீஸ் சாப்பாட்டு மேசையிலும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒருவருக்குச் சொன்னதையே அடுத்த வாரம் இன்னொருவருக்கும் சொல்லவேண்டி வருகிறது. அதனால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஸ்டீல்ஹெட்னா என்ன மீன் அண்ணா? சால்மனா, ட்ரவுட்டா?

ரெயின்போ ட்ரவுட்தான். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே கிழடானால் அதற்குப் பெயர் ரெயின்போ ட்ரவுட். அதே இனத்தில் சில மீன்கள் குஞ்சுப் பருவத்தை ஆற்றில் முடித்துக்கொண்டு கடலுக்குப் போகும். அங்கே இரண்டு மூன்று வருடம் தின்று கொழுத்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். அப்படி வருவதுதான் ஸ்டீல்ஹெட். கடலிலிருந்து வந்த புதிதில் தலையும் முதுகும் எஃகு போல நீலச்சாம்பலாக மின்னும், அதனால் அந்தப் பெயர். சாதாரணமாக 6 முதல் 12 பவுண்டு இருக்கும். 20 பவுண்டு மீன் ஒன்று கிடைத்தால் ஆயுசுக்கும் பேசலாம்.

சால்மனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள நியாயம் இருக்கிறது. 1989 வரை இதை அட்லாண்டிக் சால்மனின் பேரினத்தில் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கு மாற்றி, ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் எல்லாமே சாவதில்லை. சில மீன்கள் மெலிந்து, களைத்து, மறுபடி கடலுக்கு இறங்கி, இன்னொரு முறையும் வரும். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊட்டியில இருக்கற ட்ரவுட்டும் இதுவும் ஒண்ணுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், ஒரே இனம். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட மீன் அது. அவலாஞ்சியில் 1907இல் அதற்கென்றே ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். ஆனால் நீலகிரி ட்ரவுட்டுக்குக் கடல் வாய்க்காது. மலையை விட்டு இறங்கினால் சமவெளித் தண்ணீரின் சூட்டை அது தாங்காது. இங்கே ஆறு மலையில் பிறந்து கடலில் விழுகிற வரை குளிர்ந்தே ஓடுகிறது, அதனால் மீனுக்கு வழி திறந்திருக்கிறது.

எதுக்கு இந்தக் குளிர்ல போகணும்? கோடையில போனா ஆகாதா?

கோடையிலும் ஸ்டீல்ஹெட் வரும், அது வேறு கூட்டம். கோடை மீன் முதிராத நிலையில் ஆறேறி, மாதக்கணக்கில் ஆற்றிலேயே காத்திருந்து, அடுத்த வசந்தத்தில் முட்டையிடும். குளிர்கால மீன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, முட்டையிடத் தயாராகவே வரும். ஒலிம்பிக் தீபகற்பத்து ஆறுகளுக்குப் பேர் வாங்கித் தந்தது இந்தக் குளிர்கால மீன்தான்.

அதற்குள்ளும் இரண்டு பருவம் இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வருவது பெரும்பாலும் பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீன். பிப்ரவரி, மார்ச்சில் வருவது ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன், உருவத்திலும் பெரியது. வீட்டுக்கு ஒரு மீன் கொண்டுவர ஆசைப்பட்டால் முன்னதில் போங்கள். மீனைப் பார்த்தால் போதும் என்றால் பின்னது.

சனி ஞாயிறு மட்டும்தான் லீவு. எங்க போறது?

ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு. சியாட்டிலில் ஃபெரி ஏறி பெயின்பிரிட்ஜ் தீவு, அங்கிருந்து ஹூட் கால்வாய்ப் பாலம், போர்ட் ஏஞ்சலஸ், கிரெசன்ட் ஏரிக்கரை என்று 101ஆம் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளி சாயங்காலமே கிளம்பிவிடுங்கள். ஜனவரியில் எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், நாலரைக்கு இருட்டிவிடும். சனிக்கிழமை காலையில் புறப்பட்டால் பாதிநாள் சாலையிலேயே போய்விடும்.

ஃபோர்க்ஸைச் சுற்றி சோல் டக், கலவா, போகச்சீல், ஹோ என நாலு ஆறு, எல்லாம் அரைமணித் தூரத்துக்குள். கலவா போகச்சீலில் சேரும். போகச்சீலும் சோல் டக்கும் கூடினால் குவிலாயூட் என்று பெயர் மாறி, சில மைலிலேயே லா புஷ் கிராமத்தில் கடலைத் தொடும். ஹோ மட்டும் தனியே கடலுக்குப் போகிறது. ஒன்று கலங்கினாலும் இன்னொன்று தெளிந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டே நாள் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

லைசன்ஸ் வேணுமா? நான் எச்1பி-ல இருக்கேன்.

வேணும். 15 வயதிலிருந்து எல்லோருக்கும் நன்னீர் உரிமம் வேண்டும். அதோடு ஸ்டீல்ஹெட்டுக்கு ஒரு பதிவு அட்டையும் வாங்கவேண்டும். உங்கள் விசா என்ன என்பது கணக்கில்லை, வாஷிங்டனில் 90 நாளாக நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்களா என்பதே கணக்கு. இருந்தால் உள்ளூர்க் கட்டணம், இல்லாவிட்டால் வெளியூர்க் கட்டணம். உரிமம் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். ஏப்ரல் முதல் வாரம் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எந்த ஆற்றில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, என்ன தூண்டில் போடலாம் என்பதெல்லாம் பருவத்தின் நடுவிலேயே மாறும். மாநில மீன்வளத் துறையின் ஃபிஷ் வாஷிங்டன் செயலியைக் கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒருமுறை பாருங்கள். போன வருட விதியை நினைவில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் விதிகள் தனி, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

என்னென்ன வாங்கணும்? ராட் நல்லதா ஒண்ணு சொல்லுங்க.

ராடுக்கு, அதாவது தூண்டில் கோலுக்கு, முன்னால் வேடர்ஸ். மார்பு வரை வரும் தண்ணீர் புகாத உடுப்பு, இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட், பிடிப்பான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், ஊன்றுகோல். இந்த நாலில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் போடுங்கள். பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் மேல் வேடர்ஸ் மாட்டிக்கொண்டு வந்த நண்பர் ஒருவர், பத்து மணிக்கே பல் கிட்டிப்போய்க் காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ராட் ஒன்பதிலிருந்து பத்தரை அடி, நடுத்தர வலு, அதற்கேற்ற சுழல் ரீல். ரீலில் மிதக்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் 10 அல்லது 12 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு. போலரைஸ்டு கண்ணாடி ஒன்று அவசியம். தண்ணீரின் மினுமினுப்பை அறுத்து அடியில் இருக்கும் கல்லைக் காட்டும், கண்ணில் தூண்டில் முள் பாயாமலும் காக்கும். எல்லாம் புதிதாக வாங்கவேண்டியதில்லை. முதல் முறைக்கு யாரிடமாவது இரவல் கேளுங்கள். ஒருநாள் வழிகாட்டி வைத்துக்கொண்டால் ராட் அவர்களே தருவார்கள்.

மழை கொட்டுதே, போகலாமா கேன்சல் பண்ணிடலாமா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஃபோர்க்ஸில் ஆண்டுக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை, சென்னையைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கம். அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்வது. மழை இல்லாத வார இறுதிக்குக் காத்திருந்தால் போகவே முடியாது. மழையைப் பார்க்காதீர்கள், ஆற்றின் மட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் பெரிய ஆறுகளில் அளவுமானி வைத்திருக்கிறது. நொடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று இணையத்தில் கோடு கோடாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம்.

கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தால் போகாதீர்கள். ஆறு பால்காபி நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடும். ஏறி முடித்து இறங்கத் தொடங்கிய முதல் இரண்டு நாள்தான் பொன்னான நேரம். வெள்ளத்தோடு கடலிலிருந்து புது மீன் ஏறி வந்திருக்கும், தண்ணீர் மெல்லத் தெளியும். அப்போது ஆறு ஒரு பச்சையாகும். இங்குள்ளவர்கள் அதை ஸ்டீல்ஹெட் பச்சை என்றே சொல்வார்கள். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் உங்கள் பூட்ஸ் மங்கலாகத் தெரியும், இடுப்பாழத்தில் தெரியாது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிட்டு ஆற்றில் இறங்குங்கள்.

ஆற்றுக்கு ஆறு தெளியும் வேகம் வேறு. ஒலிம்பஸ் மலையின் பனியாற்றிலிருந்து வருவதால் ஹோ கொஞ்சம் சூடு ஏறினாலே சாம்பல் பூசிக்கொள்ளும், தெளிய நாளாகும். சோல் டக் பாறைப் படுகை, சீக்கிரம் தெளியும். மழையோடு உறைபனி மட்டத்தையும், அதாவது எந்த உயரத்துக்கு மேல் பனி விழும் என்பதையும், பாருங்கள். குளிர் இறங்கினால் மலையில் மழைக்குப் பதில் பனி விழும், ஆறு அடங்கிவிடும்.

ஆறு இவ்வளவு அகலமா இருக்கு. மீன் எங்க நிக்கும்?

முதல் குளிர்காலம் முழுக்க நான் ஆழமான மடுவைப் பார்த்துத் தூண்டில் போட்டேன். எங்கள் ஊர் தாமிரபரணியில் விரால் மடுவில்தானே கிடக்கும். ஸ்டீல்ஹெட் வழிப்போக்கன். மேலேறிப் போகிற மீன் இளைப்பாற நிற்கும் இடத்தைத் தேடவேண்டும்.

ஆள் நடக்கிற வேகத்தில் தண்ணீர் ஓடவேண்டும். ஆழம் மூன்றிலிருந்து எட்டு அடி. அடியில் கூழாங்கல்லோ, தலையளவு பாறையோ இருக்கவேண்டும். வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசும் இடத்தில் தண்ணீர்மேல் ஒரு தையல்கோடு தெரியும். நுரையும் இலையும் அந்தக் கோட்டில் வரிசைகட்டிப் போகும். மீன் அந்தக் கோட்டின் மந்தமான பக்கம் நிற்கும். இன்னொரு இடம், மடு முடிந்து படுகை மேடேறி, தண்ணீர் கண்ணாடி போல வழுவழுப்பாகி, அடுத்த சரிவில் விழுவதற்குச் சற்று முன். கீழிருந்து வேகத்தோடு மல்லுக்கட்டி ஏறிய மீன் அங்கே மூச்சு வாங்கும்.

கரையோரத்தை விட்டுவிடாதீர்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் கரையிலிருந்து பத்தடிக்குள் மீன் நிற்கும். வந்தவுடன் தொடை வரை இறங்கி நிற்பவர் மீன்மேலேயே நிற்கிறார். முதல் நாலைந்து வீச்சு கரையில் நின்றபடியே போடுங்கள்.

எங்க ஊர்ல தக்கை கட்டி மண்புழு கோத்துப் பிடிப்போம். இங்க எப்படி?

தக்கை முறைதான் புதியவருக்கு நல்லது, உங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் மண்புழு, மீன்முட்டை போன்ற உயிர் இரைக்கு இந்தக் கடலோர ஆறுகளில் சமீப வருடங்களாகத் தடை. இளஞ்சிவப்பு ரப்பர் புழுவோ, இறகு கட்டிய ஈயத்தலை ஜிக்கோ போடுங்கள். முள்ளில் பார்ப், அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர், இருக்கக் கூடாது. இருந்தால் குறடால் நசுக்கி, சட்டைத் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூலைப் பிடிக்காமல் வந்தால் சரி.

குளிர்காலத் தண்ணீர் 4 முதல் 7 டிகிரி செல்சியஸ். மீனின் உடம்பு மந்தமாக இருக்கும், பத்தடி நீந்தி வந்து கவ்வாது. நீங்கள்தான் அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோகவேண்டும். தரைக்கு ஒரு அடி மேலே ஜிக் மிதந்து போகும்படி தக்கையை மாற்றி மாற்றி வையுங்கள். தக்கை தண்ணீரின் வேகத்தோடேயே போகவேண்டும். நடுவில் நரம்பு வளைந்து தக்கையை இழுத்தால், ராடை உயர்த்தி நரம்பை எடுத்து மேலோட்டத்தின் பக்கம், அதாவது தண்ணீர் வரும் திசையில், போடுங்கள். இந்த ஒன்றைப் பழகினால் பாதி பழகியாயிற்று.

ஓட்டத்துக்குக் குறுக்கே ஸ்பூன் என்ற உலோகப் போலி இரையை வீசுவது, இரண்டு கையாலும் வீசும் நீள ஸ்பே ராடில் இறகுப்பூச்சி போடுவது என்று வேறு முறைகளும் உண்டு. ஒரு வார இறுதிக்கு ஒரு முறை போதும்.

ரெண்டு நாளும் ஒண்ணுமே சிக்கல. நான் என்ன தப்பு பண்றேன்?

அநேகமாக ஒரு தப்பும் இல்லை. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. எனக்கு முதல் மீன் மாட்டியது இரண்டாவது குளிர்காலத்தின் நான்காவது பயணத்தில். முட்டையிட வரும் மீன் பெரிதாகத் தின்பதில்லை. கோபத்திலோ பழக்கத்திலோதான் கவ்வும். அதற்கு மனசு வரும் நேரத்தில் உங்கள் முள் அங்கே இருக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கிறீர்களா? இருபது முப்பது நல்ல வீச்சு போட்டும் அசைவில்லை என்றால் இரண்டடி கீழே நகருங்கள். ஒரு இடம் முடிந்தால் அடுத்த இடத்துக்குக் காரில் போங்கள். மீன் நிற்கும் இடங்களைப் பற்றி மேலே சொன்னேனே, அப்படி ஒரு நாளைக்கு ஆறேழு இடமாவது பார்க்கவேண்டும்.

மாட்டிடுச்சு! இப்ப என்ன பண்றது?

தக்கை அமுங்கியதும் ராடை மேலே தூக்குங்கள். கல்லில் மாட்டியது போல இருக்கும். அப்புறம் அந்தக் கல் தலையாட்டும். உள்ளங்கை வரைக்கும் அந்த ஆட்டம் தெரியும். அடுத்த நொடி ரீல் அலறும், மீன் கீழோட்டத்துக்கு ஓடும், இரண்டு மூன்று முறை முழு உடம்பும் தெரியக் குதிக்கும். ஓடும்போது ஓடவிடுங்கள், பிடித்து நிறுத்தினால் நரம்பு அறுந்துவிடும். நிற்கும்போது நீங்கள் சுற்றுங்கள். ராடைப் பக்கவாட்டில் சாய்த்தால் மீன் சீக்கிரம் திரும்பும்.

விளையாட்டு காட்டிக்கொண்டே இருக்காதீர்கள். மீன் எவ்வளவு நேரம் போராடுகிறதோ அவ்வளவு களைக்கும். கரையோர மந்தநீருக்கு இழுத்து, முடிச்சில்லாத ரப்பர் வலையில் தலை முதலில் வரும்படி வாங்குங்கள். கரைக் கல்லில் இழுத்துப் போடவே கூடாது.

எந்த மீனை வீட்டுக்குக் கொண்டு வரலாம்?

வலைக்குள் இருக்கும்போதே முதுகைப் பாருங்கள். பெரிய துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில், சுண்டுவிரல் நுனி அளவில், சதைத்துண்டு போல ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். அதற்குக் கொழுப்புத் துடுப்பு என்று பெயர். பொரிப்பகத்தில் வளர்த்த மீனுக்குக் குஞ்சிலேயே அதை வெட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் துடுப்பு இல்லாமல் ஆறிப்போன தழும்பு மட்டும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். உடனே, அந்தக் கரையிலேயே, பேனாவால் பதிவு அட்டையில் குறிக்கவேண்டும்.

துடுப்பு இருந்தால் காட்டு மீன், விட்டுவிடவேண்டும். 2016 முதல் ஒலிம்பிக் தீபகற்பத்து ஆறுகளிலும் இதுதான் விதி. அதற்கு முன் ஆண்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு ஃபோட்டோ எடுக்கக்கூட தூக்கக் கூடாதா?

விடவேண்டிய மீனை முழுசாகத் தண்ணீருக்கு வெளியே எடுக்கக் கூடாது, அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். ஓடிக் களைத்த மீன் மூச்சுக்குத் தவிக்கும்போது அதைத் தூக்கிப் பிடித்து, சிரித்து, ஃபோன் பாஸ்வேர்டு தேடுகிறோம். உறைகுளிர் நாளில் காற்றுப் பட்டால் செவுள் இழைகளும் கெடும்.

படம் இப்படி எடுங்கள். கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கையும் கம்பளி உறையும் மீனின் மேல்பூச்சான வழுவழுப்பை உரித்துவிடும். ஒரு கையால் வாலடியைப் பிடித்து, மறுகையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, வாய் மேலோட்டத்தைப் பார்க்க, பாதி உடம்பு தண்ணீரில் இருக்கும்படி நிறுத்துங்கள். நண்பர் பக்கத்திலிருந்து தாழ்வாக எடுக்கட்டும். இதில்தான் மீன் அழகாக இருக்கும். கன்னத்தில் மெல்லிய ரோஜா நிறம், முதுகுப் புள்ளிகள், செவுள் திறந்து மூடுவது எல்லாம் தெரியும். கொஞ்ச நேரத்தில் உங்கள் பிடிக்குள் வால் இறுகும். அதுவே உதறிக்கொண்டு போகும், நீங்கள் தள்ளவேண்டாம்.

குழம்பு வைக்கலாமா? வறுக்கத்தான் லாயக்கா?

மேலே சொன்ன தழும்பு மீன் கிடைத்தால் இரண்டுமே வைக்கலாம். பிடித்ததும் தலையில் ஒரே அடி, செவுளை அறுத்து ரத்தம் வடித்து, குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். பளபளப்பான வெள்ளி மீனின் சதை ஆரஞ்சாக, எண்ணெய்ப்பசையோடு இருக்கும். பக்கம் சிவந்து உடம்பு கறுத்த மீன் ஆற்றில் நாளானது, சதை வெளுத்து ருசி போயிருக்கும்.

இதன் சதை வஞ்சிரம் போலக் கெட்டியாக நிற்காது, இதழ் இதழாகப் பிரியும். முள்ளோடு சேர்த்து ஒன்றரை அங்குலக் கனத்தில் வெட்டுங்கள். புளியும் மசாலாவும் கொதித்து எண்ணெய் மேலே வந்தபின் கடைசியில் மீனைப் போட்டு, ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். எங்கள் வீட்டில் மறுநாள் காலை இட்லிக்குத்தான் அதற்குச் சண்டை. பச்சையாக மட்டும் சாப்பிடாதீர்கள். இந்த மீன்களில் ஒட்டுண்ணி இருக்கும்.

பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? தண்ணில விழுந்தா என்ன ஆகும்?

15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு அட்டை மட்டும் போதும். ஆனால் குளிர்கால ஆற்றில் சின்னப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கரையில் லைஃப் ஜாக்கெட் போட்டு நிற்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிரில் வைத்திருந்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாகத் திணறும். வாயைத் தண்ணீருக்கு மேல் வைத்து மூச்சை அடக்குவதே அப்போதைய ஒரே வேலை. அதன் பிறகு கை கால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். மல்லாந்து, கால் கீழோட்டத்தைப் பார்க்க மிதந்து, கரைப்பக்கம் ஒதுங்குங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறையிடுக்கில் கால் சிக்கும். விழுந்து கிடக்கும் மரங்களைவிட்டு விலகுங்கள். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். வேடர்ஸில் தண்ணீர் புகுந்தால் கல்லாக மூழ்கடிக்கும் என்பது தவறு. தண்ணீருக்குள் தண்ணீர் கனக்காது. ஆனால் உடம்பை இழுக்கும், கரையேற விடாது. பெல்ட் இருந்தால் புகுவது குறையும். காரில் ஒரு செட் மாற்றுடை, சாவி நனையாத உறையில்.

ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். தொடைக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் கடக்காதீர்கள். காலையில் கடந்த இடத்தில் மத்தியானம் ஒரு அடி ஏறியிருக்கலாம். மூன்று வருடம் முன்பு எனக்கு அப்படி ஆனது. காருக்குத் திரும்ப, இருட்டில், கொட்டும் மழையில், பாலம் வரைக்கும் காட்டுக்குள் நடந்தேன்.

நமக்கு ஆயிரம் விதி. பழங்குடிக்காரங்க மட்டும் வலை போட்டுப் பிடிக்கறாங்களே, அது எப்படி?

இதைக் கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. வரலாற்றைத் தெரிந்துகொண்டால் கோபம் இறங்கும். 1850களின் நடுவில் இந்த நிலத்தின் பழங்குடிகள் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தார்கள். நிலத்தைப் பெருமளவு விட்டுக்கொடுத்தார்கள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உரிமையை மாநிலம் நூறு வருடம் மதிக்கவில்லை. தங்கள் ஆற்றில் வலை போட்டதற்கே கைது செய்தார்கள். நிஸ்குவாலி இனத்தவரான பில்லி ஃபிராங்க் ஜூனியர் 14 வயதில் முதன்முறை கைதானார், வாழ்நாளில் 50 முறைக்கு மேல். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், அறுவடைக்குரிய மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

லா புஷ்ஷில் இருப்பவர்கள் குவிலாயூட் மக்கள், ஹோ ஆற்று முகத்தில் ஹோ மக்கள். அவர்களுக்கு இது வார இறுதிப் பொழுதுபோக்கு இல்லை. அவர்கள் வலையைக் கண்டால் தள்ளி நின்று தூண்டில் போடுங்கள். அவர்கள் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள்.

நான் ரொறன்ரோவில இருக்கிறன். இஞ்சயும் ஸ்டீல்ஹெட் இருக்கு எண்டு சொல்லீனம், உண்மையோ?

உண்மை. 1870களில் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுபோய்ப் பேரேரிகளில் விட்ட மீனின் வழிவந்தவை. ஏரியையே கடலாக வைத்துக்கொண்டு, முட்டையிட ஆறேறுகின்றன. உங்களுக்குப் பக்கத்தில் போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆறு இருக்கிறது. அங்கே அணையைத் தாண்ட மீன்ஏணி கட்டியிருக்கிறார்கள், வசந்தத்தில் மீன் துள்ளுவதைக் குடும்பத்தோடு நின்று பார்க்கலாம். திறப்பு நாட்களுக்கு ஒன்டாரியோ விதிகளைப் பாருங்கள். ஆற்றை வாசிப்பது, தக்கை, மீனைக் கையாள்வது எல்லாம் மேலே சொன்னதுதான்.

பிடிச்சு, வாயைக் கிழிச்சு, அப்புறம் விடறது பாவமில்லையாப்பா?

இது என் மாமியார் கேட்டது. சுலபமான பதில் என்னிடம் இல்லை. மீனுக்கு அது துன்பம்தான். குளிர்ந்த தண்ணீரில், பார்ப் இல்லாத ஒற்றை முள் உதட்டோரம் மாட்டி, சீக்கிரம் விட்டால் பெரும்பாலானவை பிழைக்கும். சில சாகும். அதனால் எனக்கு நானே ஒரு அளவு வைத்திருக்கிறேன். ஒரு நாளில் ஒரு காட்டு மீனைத் தொட்டுவிட்டால் ராடை மடித்துவிடுவேன். மீதி நேரம் நண்பர்களுக்கு வலை பிடிப்பேன், டீ போடுவேன். அத்தைக்கு இந்தப் பதில் முழுசாக ஏற்கவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

காட்டு மீன் குறைஞ்சுட்டே வருதுன்னா, நாம போறதே தப்பில்லையா?

குறைந்துதான் வருகிறது. சியாட்டிலை ஒட்டிய கடற்கழியான பியூஜெட் சவுண்டில் விழும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007இலேயே அழியும் அபாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒலிம்பிக் தீபகற்பத்து மீனையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2022இல் மனு போனது. 2020 டிசம்பரில் இந்த ஆறுகளில் படகிலிருந்து தூண்டில் போடுவதற்கும் இரைக்கும் தடை வந்தது. 2022 மார்ச் 1 அன்று பருவம் முடியும் முன்பே ஆறுகளை மூடினார்கள். வெட்டப்பட்ட காடு, சூடேறும் கடல், சுருங்கும் பனியாறு, நூறு வருட அறுவடை என்று காரணம் பல. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. இதே தீபகற்பத்தில் ஓடும் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளையும் 2011 முதல் 2014க்குள் இடித்தார்கள். அடைபட்டுக் கிடந்த மேலாற்றுக்கு ஸ்டீல்ஹெட் தானாகவே திரும்பிப் போயிருக்கிறது.

திறந்திருக்கும்போது விதிப்படி போகலாம் என்பது என் முடிவு. மூடினால் போகக் கூடாது, வேறு ஓட்டை தேடக் கூடாது. இன்னொன்று, விதிப்புத்தகத்தைவிட இதற்கு உங்கள் கண்தான் வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு ஆழம் குறைந்த சரளைப் படுகையில் நடக்கும்போது கீழே பாருங்கள். சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்து கறுத்திருக்க, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தேய்த்துக் கழுவியது போல வெளுத்திருந்தால், அது முட்டைக்குழி. பெண்மீன் வாலால் அடித்துத் தோண்டி, முட்டையிட்டு, கல்லால் மூடிய இடம். உங்கள் ஒரு மிதியில் உள்ளே ஆயிரக்கணக்கில் நசுங்கும். கரையேறிச் சுற்றிப் போங்கள்.

ஆறுகளை மூடிய அந்த 2022 மார்ச்சில் ராட் இல்லாமல் மகளை அழைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒரு வெளுத்த இடத்தின் மேல் ஒரு ஜோடி நின்றது. பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலடிக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் வெள்ளி பளிச்சிட்டது, சரளை புகைபோலக் கிளம்பிக் கீழே போனது. பெரணிகளுக்கு நடுவில், மழையில், முக்கால் மணி நேரம் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.